லோகா பெரியம்மா ஏன் ஊரை விட்டுப் போனாள்

நிரோ,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது நான் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுக்கிற நாள் குறித்தாகிவிட்டது, அடுத்த மாதம் என்று நீ மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாய். அப்பா பக்கத்தில் நின்று "என்னவாம், என்னவாம்" என்று என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். கையில் ஒட்டிய தவிட்டோடு போனைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ ஒன்று சொன்னாய். "அம்மா, பதுளைக்கு வந்து தோட்டத்து ஆளுங்க கேஸ்தான் பேசப்போறேன்னு லோகா பெரியம்மாகிட்ட சொன்னேன். நீங்க ஏன் பெரியம்மா தோட்டத்த விட்டு வந்தீங்கன்னு கேட்டேன். அந்த ஊரு குளிரு ஒத்துக்கலன்னு சொல்றாங்க. தெமோதரையில பொறந்து வளந்தவங்களுக்குக் குளிரு ஒத்துக்கலையாம்!" நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இதை நான் வேலை பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் பதினொரு மணிக்குத் தூங்கினால் பன்னிரண்டரைக்குத்தான் எழும்பும். அந்த நேரத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டு வருகிறேன். ஆகவே எழுத்து ஓரிடத்தில் ஒரு மாதிரி இருந்தால் ஏதோ ஒரு பிள்ளை அழுதது என்று நினைத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், மகளே. இப்போது உனக்கு அதுதான் தொழில். ஒரு தடவையாவது நான் சொல்லி முடிக்கும் வரை நீ பேசாமல் இருக்க வேண்டும்.

முதலில் உன்னிடம் ஒரு சின்ன விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். உயர்தரப் பரீட்சையில் உனக்கு நல்ல பெறுபேறு வந்தும் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க இடம் கிடைக்கவில்லை. அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போடச் சொன்னேன். நீ சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதப்போவதாக நின்றாய். "எங்க வீட்டுல யாராவது கோர்ட்டு வாசல மிதிச்சிருக்காங்களா? டீச்சர் வேலைன்னா பக்கத்துலயே இருப்ப" என்று நான் எத்தனை நாள் சண்டை பிடித்தேன். அப்பாதான் "அவ எழுதட்டும் விடு" என்றார். நீ காலை ஏழு மணி பஸ்ஸில் பதுளைக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து படித்தாய். அங்கே இருந்த சிங்கள அம்மா நீ வாசிக்கிற புத்தகத்தை வேறு யாரும் எடுக்காமல் தன் மேசைக்குள் வைத்திருந்து தருவதாகச் சொல்வாய். அவர் பெயர் கூட எனக்குத் தெரியாது. நீ பாஸ் பண்ணிய பிறகு அப்பா ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு பேருக்கும் மற்றவர் பாஷை தெரியாது. ஆனாலும் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

அது இரண்டாம் தடவை. முதல் தடவை நீ தேறவில்லை. ஞாபகம் இருக்கிறதா, அன்றைக்கு நான் முந்திரிகை வத்தல் எல்லாம் போட்டுக் கேசரி கிண்டினேன். உன்னைத் தேற்றுவதற்குச் செய்தேன் என்று நீ நினைத்தாய். பிறகு எத்தனையோ பேரிடம் "நான் பெயிலான அன்னைக்கு எங்கம்மா கேசரி செஞ்சி குடுத்தாங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். நிரோ, நான் சந்தோஷத்தில்தான் கிண்டினேன். நீ இனி அந்தப் பக்கம் போக மாட்டாய் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. சட்டம் படித்தால் நீ சாட்சி, விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாவற்றையும் படிப்பாய். என்றைக்காவது ஒருநாள் என்னைத் திரும்பிப் பார்ப்பாய். அதற்குத்தான் பயந்தேன்.

இரண்டாம் தடவை நீ தேறியதும் தோட்டமே கொண்டாடியது. ஆனால் கொழும்பில் எங்கே தங்குவது என்பது பெரிய பிரச்சினையாக நின்றது. எங்களுக்கு அங்கே ஒருவரும் இல்லை. தெரியாத வீட்டில் ஒரு பெண்பிள்ளையை விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. மூன்று நாளாக அவர் யார் யாரிடமோ கேட்டுக்கொண்டு திரிந்தார். நாலாவது நாள் அவருடைய போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. அவர் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். இருபது வருஷத்துக்கு மேலாக நான் கேட்காத குரல். ஆனாலும் முதல் சொல்லிலேயே தெரிந்தது.

"நான் லோகா பேசுறேன். ஒம் மக லோயருக்குப் படிக்க வாராளாமே. தோட்டத்துல இருந்து சொன்னாங்க. எம் மகன் கத்தாருக்குப் போயிட்டான். அவன் கட்டிலு சும்மா கெடக்கு. புள்ளைய இங்க அனுப்பு."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். "வேற ஒண்ணும் பேச வேணாம். எந்த ட்ரெயின்னு மட்டும் சொல்லு" என்றாள்.

உன்னை அழைத்துக்கொண்டு வந்த அந்த நாள் உனக்கும் ஞாபகம் இருக்கும். நீ தெமோதரையில் ஏறியதிலிருந்து ஜன்னலை விட்டு அகலவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. வத்தளையில் அந்தச் சின்ன வீட்டுக் கதவைத் திறந்து லோகா நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. கையெல்லாம் அரிசி மாவு. உன் பையை வாங்கிக்கொண்டு "வா, புள்ள. மொதல்ல சாப்புடு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து "நீயும் வா" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு மணி நேரம் அங்கே இருந்தேன். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. நீ கை கழுவப் போனபோது கூடக் கேட்கவில்லை. நீ அன்றைக்கே அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாய். யாரும் சொல்லித் தரவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

லோகாவும் நானும் ஒரே லயத்து வரிசை வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தோம். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். எங்கள் இரண்டு பேருக்கும் சில மாத இடைவெளியில்தான் பிள்ளை பிறந்தது. அவளுக்கு மகன், எனக்கு நீ. அந்த நாளில் நானும் கொழுந்துதான் எடுத்தேன். மலையில் எப்போதும் அவள் நிரைக்குப் பக்கத்து நிரைதான் நான் பிடிப்பேன். ஒருநாள் பிள்ளைக் காம்பராவிலிருந்து ஆள் வந்து, லோகாவின் மகனுக்கு வயிற்றால் போகிறது, நிற்கவில்லை என்று சொன்னார். அவள் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டாள். எங்கள் வேலையைப் பார்க்கிற அந்த மனிதன் "பன்னெண்டு மணிக்கு எல்லாரோடயும் போ" என்றான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அவன் பின்னால் வந்து கூடைக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். காலையில் மழை பெய்திருந்தது. அவன் வழுக்கி, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் மல்லாக்க விழுந்தான். அவள் அவனைத் தொடவும் இல்லை. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு தேயிலைச் செடிதான் இருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அவன் விழுந்ததைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான்தான். பிறகு மலையே சிரித்தது.

அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். லோகா தன்னைக் கை நீட்டித் தள்ளிவிட்டாள் என்று ஆபிஸில் எழுதிக் கொடுத்தான். அவளை வேலையிலிருந்து நிறுத்தி, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். இரண்டு நாள் கழித்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அந்தக் கணக்கப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "நீதான் பக்கத்துல நின்ன. தள்ளிவிட்டத பாத்ததானே? ஒன் வீட்டுக்காரர பேக்டரியில நெரந்தரமாக்குற கடுதாசி தொர மேசையில கெடக்கு. யோசிச்சுப் பேசு" என்றான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் "எனக்காக ஒண்ணும் சொல்லாத. பாத்தத சொல்லு" என்றார். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். அப்பா என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

விசாரணை தோட்ட ஆபிஸில் நடந்தது. விசாரிக்க வெளியிலிருந்து ஒரு ஐயா வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், பண்டாரவளையில் குடியிருந்தார். வயதானவர், கண்ணாடி போட்டவர். லோகா சுவரோரம் நின்றாள். நான் அந்த ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்று, "தள்ளிவிட்டத பாத்தேங்க" என்றேன். அவர் எழுதவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, வடிவாப் பாத்தனீங்களோ? அவசரமில்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். நிரோ, பயத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த மனிதர் எனக்கு இரண்டாம் தடவை இடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் கொடுத்தார். நான் அந்த நேரம் முழுவதும் யோசித்தேன். யோசித்துவிட்டு, "ஆமாங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

லோகாவுக்கு வேலை போயிற்று. ஒரு வாரம் கழித்து அவள் எங்கள் காம்பரா வாசலுக்கு வந்தாள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சத்தம் போடவில்லை, ஏசவில்லை. "பதுளையில வழக்கு வைக்கலாம்னு சொல்றாங்க. நீ வந்து நடந்தத சொல்லுவியா? சொன்னா போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். நான், "புள்ளைக்குக் காய்ச்சலு. இப்ப ஒண்ணும் பேச முடியாது" என்றேன். உனக்குக் காய்ச்சல் இல்லை. நீ அவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தாய். லோகா கையை நீட்டி உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அந்த மாதமே அவளும் அவள் புருஷனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்கள். உன் பெரியம்மா ஊரை விட்டுப் போனது இதனால்தான். குளிரால் இல்லை.

அப்படிப்பட்டவள் உன்னை எப்படி வைத்துக்கொண்டாள் என்று எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். நீ போனில் சொன்ன ஒவ்வொன்றையும் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் வாரம் நீ அழுதுகொண்டு பேசினாய். வகுப்பில் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அப்பா லோயர், தாத்தா ஜட்ஜ். உன்னை எந்த ஊர் என்று கேட்டார்கள். பதுளை என்றாய். பதுளையில் எங்கே என்று கேட்டார்கள். டவுன் என்று சொல்லிவிட்டாய். அந்தப் பொய்க்காக நீ அழுததைக் கேட்டு நான் இங்கே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சின்னப் பொய்க்கு நீ அப்படி அழுதாய். லோகா உனக்குச் சொன்னதை நீ அடுத்த நாள் சிரித்துக்கொண்டு சொன்னாய்: "நாளைக்குப் போயி லயத்துல இருந்து வாரேன்னு சொல்லிரு. அதுக்கு மேல கேக்க அவங்ககிட்ட ஒண்ணும் இருக்காது." நீ போய்ச் சொன்னாய். அதற்கு மேல் அவர்கள் கேட்கவும் இல்லை. அந்த ஜட்ஜ் பேத்திதான் பிறகு உனக்கு இங்கிலீஷ் தீர்ப்புகளைச் சொல்லிக் கொடுத்தாள், நீ அவளுக்குத் தமிழில் நோட்ஸ் எழுதிக் கொடுத்தாய்.

ஒப்பந்தச் சட்டத்தில் நீ தவறியபோது எனக்குச் சொல்லாமல் மறைத்தாய். லோகாதான் எனக்குப் போன் எடுத்தாள். அதுவரை அவள் எனக்குப் போன் எடுத்தது உன்னை அனுப்பச் சொன்ன அந்த ஒரே தடவைதான். "ஒரு பாடம் போயிருச்சு. திரும்ப எழுதுவா. நீ போன் பண்ணி அழுதுறாத, அவ ஒனக்காகத்தான் பயப்புடுறா" என்றாள். அதற்குப் பிறகு காலை நாலு மணிக்கு அவள் கடைகளுக்குக் கொடுக்க இடியப்பம் பிழியும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் வழக்குகளைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். அவளுக்கு இங்கிலீஷில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் ஆவிக்குள்ளிருந்து குரல் வருமாம்: "அந்த எடத்துல முழுங்குற. ஒனக்கே புரியல. திரும்ப வாசி." ஒரு தடவை கூட அவள் பிழையாகச் சொன்னதில்லை என்று நீ சொன்னாய். மின்சாரம் நின்று நின்று வந்த அந்த மாதங்களில் இடியப்பத் தட்டுக்கு மேலே விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாளாம், உன் புத்தகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று. மாதிரி நீதிமன்றப் போட்டியில் நீ பேசிய அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். நான் பஸ் கிடைக்காமல் வரவில்லை என்று சொன்னேன். பஸ் கிடைத்திருக்கும். அவளுக்குப் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

வேலைத்தலத்தில் நடக்கிற உள்ளக விசாரணை பற்றிப் படித்த அன்று நீ எனக்குப் பாடம் நடத்தினாய். "அம்மா, குற்றஞ்சாட்டப்பட்ட ஆளு சாட்சிய கேள்வி கேக்கலாம். அது அவங்க உரிமை. நம்ம தோட்டத்துல எத்தன பேருக்கு இது தெரியும்?" என்றாய். எனக்குத் தெரியாது என்றேன். அது மட்டும் உண்மை. அந்த அறையில் லோகாவுக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவள் என்னிடம் என்ன கேட்டிருப்பாள் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

போன புதன்கிழமை நான் சொல்லாமல் கொள்ளாமல் வத்தளைக்கு வந்து நின்றேனே, உனக்குச் சத்தியப்பிரமாணத்துக்குச் சேலை எடுக்க வந்தேன் என்றேனே, அதற்கு வரவில்லை. நீ பயிற்சிக்குப் போகிற சீனியர் லோயருடைய ஆபிஸில் இருக்கிற நேரம் பார்த்து லோகாவைப் பார்க்க வந்தேன். அவள் இடியப்ப உரலில் மாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். கூடைக் கயிறு, கான், பெரட்டுக் களத்தில் அவன் சொன்னது, அந்த ஐயா இரண்டாம் தடவை கேட்டது, உன் காய்ச்சல், எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை. ஆனால் என் வாயால் அவள் கேட்டதில்லை. அவள் பிழிவதை நிறுத்தவில்லை. ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு எடுத்தாள்.

"நான் ஒன் எடத்துல இருந்தா நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன்னு மனச தேத்திப் பாத்தேன்" என்றாள். "ரொம்ப வருஷம் பாத்தேன். இல்லடி. நான் சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் தட்டை ஆவியில் வைத்து மூடினாள்.

"அது தெளிவாத் தெரிஞ்ச பொறகுதான் எனக்கு நிம்மதி வந்துச்சு. நீ செஞ்சது நீ செஞ்சது. நான் வேற ஆளு. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? அன்னைக்கு என்னைப் பாத்து சிரிச்சுச்சு, அவ்வளவுதான்."

உனக்கு எழுதிச் சொல்லப்போகிறேன் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "இப்பத்தான் புள்ள கரையேறுது. என்னத்துக்கு?" என்றாள். நீ தோட்டத்து ஆட்களின் வழக்குப் பேசப் போகிறவள், உன் வீட்டில் இருக்கிற வழக்கைத் தெரியாமல் போகக் கூடாது என்றேன். இன்னும் ஒரு தட்டைப் பிழிந்து முடித்தாள். "எழுதுறதா இருந்தா எழுது. ஆனா என்னைய நல்லவளாக்கி எழுதாத. மொத வருஷம் முழுக்க அவ மொகத்துல ஒன் சாடையப் பாக்குறப்பெல்லாம் எனக்கு எரிஞ்சுச்சு. ரெண்டு மூணு தடவ வேணும்னே அவ சோத்த ஆற விட்டுருக்கேன். அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன், லோகா.

அடுத்த நாள் காலை புறக்கோட்டை பஸ் நிலையம் வரை அவள் என்னோடு வந்தாள். பதுளை பஸ் நின்றது. ஏறுவதற்கு முன் கேட்டே விட்டேன். "எம் மேல கோவமா இருக்கியா?"

"இருக்கு" என்றாள். "ஏறு, பஸ்ஸ எடுக்கப் போறான்." ஏறிய பிறகு ஜன்னல் வழியாக இடியப்பப் பொட்டலத்தை நீட்டினாள். பண்டாரவளை வந்த பிறகுதான் பிரித்தேன். என்னால் சாப்பிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முழுவதையும் சாப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பசியோடு நான் சாப்பிட்டதில்லை.

நிரோ, எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சாட்சி சொல்கிற மேசைக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று உன் சீனியரை விட எனக்குத் தெரியும். நாளைக்கு நீ பதுளையில் தொழில் வழக்குப் பேசும்போது என்னைப் போல ஒருத்தி வந்து நிற்பாள். சேலையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்வாள், யாரையும் பார்க்க மாட்டாள். அவள் பொய் சொல்கிறாள் என்று உனக்கு உடனே தெரிந்துவிடும், நீ கெட்டிக்காரி. அவளை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட உன்னால் முடியும். அதைச் செய்யாதே என்று சொல்ல மாட்டேன், உன் பக்கத்தில் ஒரு லோகா நின்றுகொண்டிருப்பாள். அவளுக்காக நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன்னால் அவளுக்கு வீட்டில் என்ன பயம் என்று விசாரித்துவிட்டுக் கேள். அந்த ஐயா எனக்கு நேரம் கொடுத்தார். அந்தப் பயத்தை என் கையிலிருந்து வாங்கி வைக்க அவரால் முடியவில்லை. நீ இரண்டையும் செய்யப் பார். இரண்டும் செய்தும் அவள் பொய் சொன்னால், அது அவள் பொய். என்னுடையது என் பொய்யாக இருந்தது போல.

எனக்கு இப்போது சொல்ல வேண்டியது நன்றிதான். நான் விரும்பாத படிப்பை எனக்கு எதிராக நின்று படித்ததற்கு உனக்கு நன்றி. நீ ஆசிரியராகி இங்கேயே இருந்திருந்தால் நான் லோகாவின் கதவைத் தட்டியிருக்கவே மாட்டேன். "எனக்காக ஒண்ணும் சொல்லாத" என்று சொன்ன உன் அப்பாவுக்கு நன்றி. அந்த விசாரணைக்குப் பிறகு பேக்டரியில் கிடைத்த நிரந்தர வேலையை அவர் ஓய்வு பெறும் வரை ஒரு நாள் கூடச் சந்தோஷமாகச் செய்ததில்லை. ஆனாலும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. லோகாவுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் இல்லை. சொன்னால் அவள் "போடி" என்பாள்.

சத்தியப்பிரமாணத்துக்கு இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவார்கள், அம்மா அப்பா பெயரைக் கொடுத்துவிட்டேன் என்றாய். என் பெயரை எடுத்துவிட்டு லோகேஸ்வரி என்று போடு. அப்பாவிடம் கேட்டுவிட்டேன், அவருக்குச் சம்மதம். நான் வெளியே, கோர்ட்டு இருக்கிற புதுக்கடைத் தெருவில் எங்காவது நிற்பேன், எனக்கு அது போதும். அதையும் உன் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன். என்னை வரவே வேண்டாம் என்று சொன்னாலும் நான் வருத்தப்படுவேன், கோபப்பட மாட்டேன்.

தபால் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். நீ வேலை விட்டு வந்து, அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை வாசிப்பாய் என்று தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடுத்த நாளைக்கு மாவு வறுத்துக்கொண்டிருப்பாள். வாசித்து முடித்ததும் போனை எடுக்காதே. எனக்கு என்ன சொல்வது என்று யோசிக்காதே. எழுந்து அவளிடம் போ.

அம்மா